காய்ச்சல், கொசு, இதயம், கணக்கு: சனிக்கிழமை வகுப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் உட்லண்ட்ஸ் பக்கம் ஒரு சமூக மன்றத்தில் சனிக்கிழமை காலைகளில் உயர்நிலை, தொடக்கக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு உயிரியலில் கணினி மாதிரிகளைப் பற்றிச் சொல்லித் தருகிறேன். வாரநாளில் எனக்கு ஆய்வுக்கூட வேலை. இது சம்பளமில்லாத வேலை என்பதால் யாரும் தயங்காமல் கேட்கிறார்கள்: வகுப்பு வாசலில், வாட்ஸ்அப்பில், ஒருமுறை தேக்கா சந்தையில் மீன் வெட்டக் காத்திருந்தபோது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால்தான் இந்தப் பக்கம். கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

"கம்ப்யூட்டர் மாடல்னா என்னக்கா? திரையில சுத்துற அந்த 3டி இதயமா?"

அது படம். நான் சொல்வது கணக்கு. உடம்போ கிருமியோ இப்படித்தான் நடந்துகொள்கிறது என்று நாம் நம்புவதை விதிகளாக எழுதி, அந்த விதிகள் எங்கே கொண்டுபோய் விடுகின்றன என்று படிப்படியாக ஓட்டிப் பார்ப்பது. ஓட்டுவதற்குக் கணினி, நம்புவது நாம்.

தமிழில் 'மாதிரி' என்ற சொல் கொஞ்சம் படுத்தும். இரத்த மாதிரி, மாதிரி வினாத்தாள், 'அவனை மாதிரி' எல்லாம் ஒரே சொல். இந்தப் பக்கத்தில் மாதிரி என்றால் மாடல். குழாயில் எடுக்கும் இரத்தத்தை 'சாம்பிள்' என்றே எழுதுகிறேன்.

ஆகச் சிறிய மாதிரி ஒன்று: மாலை 4 மணிக்கு ஒரு கோப்பி குடிக்கிறீர்கள். அதிலுள்ள காஃபீன் உடம்பில் பாதியாகக் குறைய ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகும். 9 மணிக்குப் பாதி இருக்கும். பின்னிரவு 2 மணிக்குக் கால்வாசி. ஒரே விதி, ஒரே எண். ஏன் தூக்கம் வரவில்லை என்பதற்கு விடை வந்துவிட்டது. கர்ப்பிணிகளுக்கு அந்த 5 மணி நேரம் வெகுவாக நீளும். ஆக, விதி அதுவே, எண் மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். மருந்தை எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுப்பது என்று கணக்கிடுவோர் தொடங்கும் இடமும் இதுதான்.

"இது பயாலஜியா, மேத்ஸா, கோடிங்கா? டியூஷன் எதுக்குப் போடுறது?"

எதற்கும் போடவேண்டாம். இந்தத் துறையைத் தொடங்கி வைத்தவர்கள் யாரும் ஒரே பெட்டிக்குள் அடங்கியவர்கள் இல்லை. மலேரியா கொசுவால் பரவுகிறது என்று 1897இல் செகந்திராபாத்தில் கண்டுபிடித்த ரொனால்ட் ராஸ் ஒரு மருத்துவர். பிற்பாடு மலேரியா பரவலுக்குச் சமன்பாடு எழுதியவரும் அவரே. நரம்பில் மின்துடிப்பு எப்படி ஓடுகிறது என்பதற்கு ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி இருவரும் 1952இல் சமன்பாடுகளை வெளியிட்டார்கள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி அப்போது பயன்பாட்டில் இல்லை. கையால் சுற்றும் கணக்கு இயந்திரத்தில் ஹக்ஸ்லி விடையை உருட்டி எடுத்தார். 'கணினி மாதிரி' என்ற சொல்லில் கணினி எவ்வளவு சின்னப் பங்கு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

"என் மகன் மேத்ஸ்ல பி4தான். அவனுக்கு இது வருமா மேடம்?"

கூட்டலும் பெருக்கலும் தெரிந்தால் முதல் ஆறு வாரம் ஓடிவிடும். வகைக்கெழுச் சமன்பாடு தொடக்கக் கல்லூரியின் எச்2 கணக்கில் வரும். அதுவரை எக்செல் போதும். முதல் நாள் பயிற்சியை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பல கேள்விகள் இதிலிருந்துதான் கிளம்புகின்றன.

ஆயிரம் பேர் வசிக்கும் ஒரு வீவக (அரசு அடுக்குமாடி) புளோக். ஒருவருக்குக் காய்ச்சல். எல்லாரையும் மூன்று கூடையில் போடுகிறோம்: தொற்றக்கூடியவர், தொற்றியவர், தேறியவர். ஆங்கிலத்தில் எஸ்ஐஆர் என்பார்கள். கெர்மக், மெக்கெண்ட்ரிக் என்ற இரு ஸ்காட்லாந்துக்காரர்கள் 1927இல் எழுதியது. தமிழில் மூன்று 'த' என்று பிள்ளைகள் பெயர் வைத்துவிட்டார்கள். விதி இரண்டு. தொற்றிய ஒவ்வொருவரும் நாளொன்றுக்குச் சராசரி 0.4 பேருக்குக் கொடுக்கிறார், அதுவும் சந்திப்பவர் இன்னும் தொற்றாதவராக இருந்தால் மட்டும். நோயாளிகளில் ஐந்தில் ஒரு பங்கினர் தினமும் தேறுகிறார்கள். அதாவது சராசரி 5 நாள் காய்ச்சல். 0.4ஐ 5ஆல் பெருக்கினால் 2. ஒருவர் மொத்தம் இருவருக்குக் கொடுக்கிறார். செய்திகளில் வந்த 'ஆர்-நாட்' இந்த 2தான்.

எக்செல்லில் ஒரு வரி ஒரு நாள். மேல்வரியைப் பார்த்துக் கீழ்வரியை எழுதி, சுட்டியை இழுத்தால் அறுபது நாள் வந்துவிடும். முதலில் ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும். நான்கு நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பாகி, ஏறத்தாழ ஐந்து வாரத்தில் உச்சிக்குப் போய் இறங்கும். பி4 வாங்கிய பையன்தான் போன ஆண்டு இதை முதலில் முடித்தான். ஏ1 வாங்கியவன் சூத்திரத்தை மனப்பாடம் செய்துகொண்டிருந்தான்.

"அக்கா, முதல் நாள் 0.4 ஆளுக்குக் காய்ச்சல்னு வருது. 0.4 ஆளு எங்க இருக்காரு?"

இதைக் கேட்காத பிள்ளையைப் பற்றித்தான் எனக்குக் கவலை. அது சராசரி. ஆயிரக்கணக்கில் நோயாளிகள் இருக்கும்போது சராசரி நம்பத்தக்கது. ஒரே ஒருவர் இருக்கும்போது சராசரி ஏமாற்றும். அதனால் இரண்டாம் வாரம் எக்செல்லை மூடிவிட்டுப் பகடை எடுக்கிறோம்.

அதே எண்களை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நோயாளிக்கு அடுத்து நடக்கப்போவது இரண்டில் ஒன்று: வேறொருவருக்குக் கொடுப்பார், இல்லை தேறிவிடுவார். கொடுக்கும் வேகம் 0.4, தேறும் வேகம் 0.2. அதனால் பகடையில் 1 முதல் 4 வரை விழுந்தால் இன்னொருவருக்குத் தொற்று. 5, 6 விழுந்தால் ஒருவர் தேறினார். நோயாளி எண்ணிக்கை பூஜ்யம் ஆகும்வரை, இல்லை இனி நிற்காது என்று தெரியும் அளவுக்குப் பெருகும்வரை உருட்டுங்கள். இருபது பிள்ளைகள் உருட்டினால் கிட்டத்தட்டப் பத்து மேசைகளில் நோய் தானாகவே செத்துப்போகும். எக்செல் 'கட்டாயம் பரவும்' என்ற அதே காய்ச்சல், பாதித் தடவை பரவவே இல்லை. வகுப்பில் கூச்சல் எழுவது இந்த இடத்தில்தான். பக்கத்து அறையில் கோலாட்டம் பழகுபவர்கள் கதவைத் தட்டியிருக்கிறார்கள்.

இது விளையாட்டுக் கணக்கு மட்டும் இல்லை. 2003இல் சார்ஸ் வந்தபோது சிங்கப்பூரில் 238 பேருக்குத் தொற்றியது, 33 பேர் மாண்டார்கள். ஆராயப்பட்ட நோயாளிகளில் ஐந்தில் நால்வர் வேறு யாருக்கும் பரப்பியதற்குத் தடயமில்லை. ஒருசிலரிடமிருந்து மட்டும் பத்துக்கும் மேற்பட்டோருக்குப் போனது. 'சராசரி 3 பேர்' என்று சொல்லிவிட்டுப் போனால் இந்தக் கதை முழுக்க மறைந்துவிடும். இங்கே சேகரித்த அந்தத் தொடர்புப் பட்டியல்கள் பிறகு உலகெங்கும் 'அதிவேகப் பரப்புநர்' பற்றிய ஆய்வுகளுக்கு அடிப்படையாயின.

"பாதிப் பேருக்கு எதிர்ப்புச் சக்தி வந்தா நிக்கணுமே, ஏன் எக்செல்ல 800 பேர் வரைக்கும் போகுது?"

ஆர்-நாட் 2 என்றால் பாதிப் பேர் 'தொற்றக்கூடியவர்' கூடையிலிருந்து வெளியேறியதும் நோய் வளர்வது நிற்கும். வளர்வது நிற்கும் நாளில் நோயாளிகள் இல்லாமல் போய்விடுவதில்லை. மூன்று 'த' பட்டியலில் அந்த வரியைத் தேடிப் பாருங்கள்: ஏறத்தாழ 350 பேர் தேறியிருப்பார்கள், 150 பேர் காய்ச்சலோடு படுத்திருப்பார்கள். அந்த 150 பேரும் இருவருக்கு இல்லாவிட்டாலும் ஒருவருக்கு, அதற்கும் குறைவாக என்று கொடுத்துக்கொண்டே இறங்குவார்கள். பிரேக் மிதித்த பேருந்து அதே இடத்தில் நிற்காது, இல்லையா. அதனால்தான் 500 தாண்டி 800 வரை போகிறது.

தடுப்பூசியால் 500 பேரை முன்கூட்டியே வெளியே எடுத்திருந்தால் அந்த உருண்டோட்டமே இருக்காது. ஒரே 'பாதி', இரண்டு வேறு முடிவுகள்.

"கோவிட் நேரத்துல மாடல் போட்டவங்க சொன்னதெல்லாம் தப்பாத்தானே போச்சு?"

சில தவறின, சில தவறியதுபோல் தெரிந்தன. இரண்டையும் பிரித்துப் பார்க்கவேண்டும். 'ஒன்றும் செய்யாவிட்டால் இத்தனை பேர்' என்று மாதிரி சொல்கிறது. அதைக் கேட்டு நாடு ஏதோ செய்கிறது. இங்கே 2020 ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை எல்லாரும் வீட்டுக்குள் இருந்தோம். எண்ணிக்கை குறைகிறது. உடனே 'பார்த்தாயா, பொய்' என்கிறோம். குடை எடுத்துப் போனவன் நனையவில்லை என்பதால் மழை பெய்யவில்லை என்று ஆகாது.

உண்மையில் மாதிரிகள் இடறிய இடம் வேறு, அது நம்மவர்களுக்கு நெருங்கிய இடம். மூன்று 'த' மாதிரி, எல்லாரும் எல்லாரையும் ஒரே அளவில் சந்திக்கிறார்கள் என்று எண்ணிக்கொள்கிறது. 2020இல் சிங்கப்பூரில் பெரும்பாலான தொற்றுகள் வெளிநாட்டு ஊழியர் தங்கும் விடுதிகளில் பதிவாயின. ஓர் அறையில் பத்துப் பன்னிரண்டு பேர், பொதுவான சமையலறை, பொதுவான குளியலறை. தீவுக்கு ஒரே ஆர்-நாட் போட்டால் விடுதிக்கும் பொருந்தாது, புளோக்குக்கும் பொருந்தாது. இரண்டு புளோக்கு, இரண்டு வேகம், நடுவில் ஒரு சின்னக் கதவு என்று எக்செல்லை மாற்றி எழுதுவது எங்கள் நான்காம் வாரப் பயிற்சி. அந்தக் காலத்தில் விடுதியில் இருந்த அண்ணன் ஒருவர் ஒருநாள் வகுப்புக்கு வந்திருந்தார். 'நடுக்கதவு எவ்வளவு சின்னது?' என்று பிள்ளைகள் அவரிடம் கேட்டுத்தான் எண் போட்டார்கள்.

"டெங்கிக்கு மருந்தடிச்சுக் கொசுவைக் கொல்லாம, எதுக்குக் கொசுவையே வளர்த்து விடுறாங்க?"

விடுவது ஆண் கொசு, அது கடிக்காது. உடம்பில் வோல்பாக்கியா என்ற பாக்டீரியா உள்ள ஆண் ஏடிஸ், அது இல்லாத பெண் கொசுவோடு கூடினால் முட்டை பொரிக்காது. தேசியச் சுற்றுப்புற வாரியம் 2016இல் பிராடல் ஹைட்ஸ், தெம்பனிஸ் வெஸ்ட், நீ சூன் ஈஸ்ட் பகுதிகளில் சிறிய அளவில் விட்டுப் பார்க்கத் தொடங்கியது.

மலேரியாவுக்காக ராஸ் எழுதி, 1950களில் ஜார்ஜ் மெக்டொனால்ட் சீர்செய்த சமன்பாட்டில் ஓர் அழகு இருக்கிறது. கொசு எண்ணிக்கை அதில் ஒருமுறைதான் வரும், கடிக்கும் வேகம் இருமுறை வரும். ஏனென்றால் நோய் தாண்ட ஒரு கொசு இருமுறை கடிக்கவேண்டும்: நோயாளியை ஒருமுறை, பிறகு உங்களை ஒருமுறை. கொசுவைப் பாதியாக்கினால் பரவல் பாதியாகும். கடியைப் பாதியாக்கினால் கால்வாசியாகும். கொசுவின் ஆயுள் இதைவிடக் கூர்மையான ஆயுதம். டெங்கிக் கிருமி கொசுவின் உடம்பில் முதிர எட்டிலிருந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. பத்து நாள் என்று வையுங்கள். தினமும் 90 விழுக்காட்டுக் கொசுக்கள் பிழைத்தால் நூற்றில் 35 கொசு பத்தாம் நாளைப் பார்க்கும். 80 விழுக்காடு பிழைத்தால் 11தான். தினசரிக் கணக்கில் சின்ன வித்தியாசம், பத்தாம் நாளில் மூன்றில் ஒன்று. கால்குலேட்டரில் 0.9ஐப் பத்து முறை பெருக்கிப் பாருங்கள், நான் சொல்லி நம்பவேண்டாம்.

இன்னொன்று. இவ்வளவு ஆண்டுகளாகக் கொசுவை ஒழித்தும் 2020இல் 35,000க்கும் மேற்பட்டோருக்கு ஏன் டெங்கி வந்தது என்று பாட்டிமார் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. மூன்று 'த' கூடைகளை நினைத்துக்கொள்ளுங்கள். கொசு குறைந்ததால் பல ஆண்டுகள் பலருக்கும் டெங்கி வரவே இல்லை. அதனால் 'தொற்றக்கூடியவர்' கூடை நிரம்பி வழிகிறது. டெங்கியில் நான்கு வகை வேறு. ஒன்றுக்கு வந்த எதிர்ப்புச் சக்தி மற்றொன்றுக்கு நிலைத்து உதவாது. வெற்றியே அடுத்த தீக்கு விறகு சேர்க்கிறது. அதற்காகப் பூச்சட்டித் தட்டில் தண்ணீரை விட்டுவைக்காதீர்கள்.

"டாக்டருக்குப் படிக்கப் போற பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு?"

பலதுறை மருந்தகத்தில் அப்பாவுக்குக் கொழுப்புப் பரிசோதனை முடிந்ததும் 'பத்து ஆண்டில் மாரடைப்பு அபாயம் இத்தனை விழுக்காடு' என்று சொல்கிறார்களே, அந்த எண் ஒரு மாதிரியிலிருந்து வருகிறது. அதன் மூலம் அமெரிக்காவின் மசசூசெட்ஸ் மாநிலத்தில் ஃப்ரேமிங்ஹாம் என்ற ஊர். 1948 முதல் அந்த ஊர்க்காரர்களைப் பல்லாண்டு பின்தொடர்ந்து, வயது, கொழுப்பு, இரத்த அழுத்தம், புகைபிடித்தல் எல்லாவற்றுக்கும் புள்ளி போட்டார்கள். ஆய்வில் சேர்ந்தவர்களில் ஏறக்குறைய எல்லாரும் வெள்ளையர்கள். அந்தக் கணக்கை அப்படியே சிராங்கூன் ரோட்டுக்கு இறக்குமதி செய்தால் என்ன ஆகும்?

இங்கே அப்படி விடவில்லை. சுகாதார அமைச்சின் கொழுப்புச் சிகிச்சை வழிகாட்டியில் சீனர், மலாய்க்காரர், இந்தியர் என்று தனித்தனி அட்டவணை போட்டார்கள். ஒரே வயது, ஒரே கொழுப்பு, ஒரே இரத்த அழுத்தம் என்றாலும் இந்தியர் அட்டவணையில் அபாயம் கூடுதலாக வரும். உடல் எடைக் குறியீடும் அப்படித்தான்: உலக அளவில் 25க்கு மேல் கூடுதல் எடை என்றால், இங்கே 23லிருந்தே எச்சரிக்கிறார்கள், 27.5லிருந்து அதிக அபாயம். மருத்துவராகப் போகும் பிள்ளை இந்த எண்களை மனப்பாடம் செய்வது பெரிதில்லை. 'இது யாரை வைத்துப் போட்ட கணக்கு? என் முன்னால் உட்கார்ந்திருப்பவர் அவர்களில் ஒருவரா?' என்று கேட்கத் தெரியவேண்டும். நான் இந்த வகுப்பை நடத்துவதற்கு ஒரே காரணம் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

"அப்படின்னா எலி, குரங்குச் சோதனையே வேண்டாமா?"

சில இடங்களில் வேண்டாம் என்ற நிலை வந்திருக்கிறது. வர்ஜீனியா, பதுவா பல்கலைக்கழகங்கள் செய்த முதல்வகை நீரிழிவு மாதிரியை, இன்சுலின் செலுத்தும் தானியங்கி முறைகளுக்கான விலங்குச் சோதனைக்குப் பதிலாக அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2008இல் ஏற்றுக்கொண்டது. சர்க்கரையும் இன்சுலினும் ஒன்றையொன்று எப்படி இழுக்கின்றன என்பது பல்லாண்டு அளக்கப்பட்ட விஷயம் என்பதால் அது முடிந்தது. அளக்கப்படாத உறுப்புக்கு மாதிரி எழுதி எலியை விடுதலை செய்ய முடியாது.

"இப்பத்தான் ஏஐ எல்லாத்தையும் செய்யுதே, நீங்க எதுக்கு இன்னும் கூடை வச்சுக்கிட்டு?"

ஏஐயும் மாதிரிதான், வேறு வகை. மூன்று 'த' மாதிரியில் விதியை நாம் எழுதுகிறோம். ஏஐயில் தரவைக் கொட்டி அதையே விதி கண்டுபிடிக்கச் சொல்கிறோம். புரதம் எப்படி மடியும் என்று கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டு பெரிய வெற்றி. அதைச் செய்த டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் இருவருக்கும், புரதங்களை வடிவமைத்த டேவிட் பேக்கருக்கும் 2024ஆம் ஆண்டு வேதியியல் நோபெல் கிடைத்தது. பல்லாண்டு காலம் ஆய்வாளர்கள் ஒவ்வொன்றாகக் கண்டறிந்து சேர்த்து வைத்த புரத வடிவங்கள் இருந்ததால் அது கற்றுக்கொண்டது. புதிதாக வந்த கிருமியின் முதல் வாரத்தில் அப்படிக் குவியல் ஏது? அங்கே விதியை நாம்தான் எழுதியாகவேண்டும்.

இந்தப் புரதக் கதையில் நம்மூர் வாசம் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் மூவரும் 1963இல் ஒரு வரைபடம் வெளியிட்டார்கள். அணுக்களைக் கெட்டிக் கோலிக்குண்டுகளாக எண்ணிக்கொண்டு, ஒன்றையொன்று இடிக்காமல் புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் திரும்பலாம் என்று கணக்கிட்டார்கள். அவ்வளவுதான் விதி. ஒரு புரத வடிவம் சரியா என்று சோதிக்க இன்றைக்கும் ராமச்சந்திரன் வரைபடத்தைத்தான் முதலில் பார்க்கிறார்கள்; ஏஐ வரைந்த வடிவமானாலும் அதன் முன்னால் போய் நிற்கவேண்டும்.

"பரீட்சை இங்கிலிஷ்ல. நீங்க ஏன் தமிழ்ல மெனக்கெடுறீங்க?"

எக்செல் தலைப்பும் சூத்திரமும் ஆங்கிலத்தில்தான் எழுதுகிறோம். பேச்சு தமிழில். காரணம் எளிது: ஆங்கிலத்தில் பிள்ளைகள் பாடப்புத்தக வரியை ஒப்பித்துத் தப்பித்துவிடுகிறார்கள். தமிழில் ஒப்பிக்க வரி கிடையாது, புரிந்தால்தான் சொல்லமுடியும். வீட்டுப்பாடமே 'பாட்டிக்குச் சொல்லிவிட்டு, பாட்டி கேட்ட கேள்வியை எழுதி வா' என்பதுதான். மேலே டெங்கிக் கேள்வி அப்படி வந்தது.

இன்னொரு சங்கதி. 1995இல் சிங்கப்பூரில் தமிழை இணையத்தில் ஏற்றப் பாடுபட்டவர் தேசியக் கல்விக் கழகத்து நா. கோவிந்தசாமி. அவரோடு கைகோத்த டான் டின் வீ ஓர் உயிர்வேதியியல்காரர், உயிரியல் தரவைக் கணினியில் ஆராயும் உயிர்தகவலியலை இங்கே வளர்த்தவர்களில் ஒருவர், பின்னாளில் தேசிய மீக்கணினி மையத்தின் தலைமை நிர்வாகியாக இருந்தவர். தமிழும் உயிரியல் கணினியும் இந்த ஊரில் ஒரே மேசையில் உட்கார்ந்து தேநீர் குடித்தவை.

"என்ன சாஃப்ட்வேர் வாங்கணும்?"

ஒன்றும் வாங்கவேண்டாம். எக்செல் இல்லாதவர்கள் கூகள் ஷீட்ஸ். அடுத்து நெட்லோகோ: ஒவ்வொரு ஆளையும் ஒவ்வொரு கொசுவையும் திரையில் தனித்தனியாக நடக்கவிடலாம், இலவசம், கிருமி மாதிரி உள்ளேயே இருக்கிறது. செல்லுக்குள் நடக்கும் வேதிவினைகளுக்குக் கோபாசி. அதற்குமேல் பைத்தான் என்ற நிரல்மொழி. மற்றவர்கள் வெளியிட்ட மாதிரிகளை இறக்கி ஓட்டிப் பார்க்க பயோமாடல்ஸ் தரவுத்தளம். எல்லாம் காசில்லாமல் கிடைக்கும். 25 வயது தாண்டிய குடிமக்கள் பைத்தான் வகுப்புக்கு அரசாங்கத்தின் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் பயிற்சித் தொகையைப் பயன்படுத்தலாம். அந்த வகுப்பு அதில் அடங்குமா என்று பணம் கட்டும் முன்னே பாருங்கள்.

"நான் உயர்நிலைப் பள்ளி ஆசிரியை. என் வகுப்பில் இதை எப்படித் தொடங்குவது?"

நான் செய்த தவற்றிலிருந்து தொடங்குங்கள். முதல் ஆண்டு, அழகாக எழுதிய பைத்தான் நிரல் ஒன்றைக் கொடுத்துவிட்டேன். பிள்ளைகள் எண்களை மாற்றினார்கள், வண்ண வண்ணமாக வளைகோடு வந்தது, எல்லாருக்கும் மகிழ்ச்சி. கடைசியில் 'இந்த நெடுக்குக் கோடு எதைக் காட்டுகிறது?' என்று கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. இரண்டு மணி நேரம் படம் காட்டியிருக்கிறேன், பாடம் நடக்கவில்லை.

இப்போது வரிசை இதுதான். முதலில் தாளில் கூடைகள் வரைந்து அம்பு போடுவது. பிறகு, 'இதில் எதை விட்டுவிட்டோம்?' என்று ஒரு பட்டியல்: குழந்தைகள், தடுப்பூசி, பள்ளி விடுமுறை, வேலைக்குப் போகும் நோயாளி. அப்புறம் கையால் மூன்று வரி கணக்கு. நான்காவது வரியிலிருந்து கணினி. வளைகோட்டை ஓட்டும் முன் ஒவ்வொருவரும் பென்சிலால் தங்கள் ஊகத்தை வரையவேண்டும். ஊகம் தப்பினால்தான் ஏன் என்று கேட்பார்கள். ஊகமே இல்லாதவருக்கு எந்த விடையும் ஆச்சரியம் தராது. மதிப்பெண்ணை வளைகோட்டுக்குப் போடாமல் அந்த 'விட்டுவிட்டோம்' பட்டியலுக்குப் போடுங்கள்.

"மாடலும் நிஜத் தரவும் அச்சா ஒத்துப்போச்சு. அப்ப மாடல் சரிதானே?"

இல்லை. கெட்டிக்காரப் பிள்ளைகளும் விழும் குழி இது. நம் புளோக்கில் கொடுக்கும் வேகம் 0.4, தேறும் வேகம் 0.2. இரண்டுக்கும் வித்தியாசம் 0.2, ஆகவே தொடக்கத்தில் நோயாளி எண்ணிக்கை நாளுக்கு 20 விழுக்காடு கூடுகிறது. பக்கத்து மேசையில் ஒருத்தி கொடுக்கும் வேகம் 0.3, தேறும் வேகம் 0.1 என்று வைத்தாள், அதாவது 10 நாள் காய்ச்சல். வித்தியாசம் அதே 0.2. முதல் இரண்டு வாரத் தரவில் இரண்டு கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படியும். எது நிஜம் என்று எவராலும் பிரிக்கமுடியாது. ஆனால் ஒன்றின் ஆர்-நாட் 2, மற்றதன் ஆர்-நாட் 3. ஒன்றில் 80 விழுக்காட்டினர் முடிவில் நோய்வாய்ப்படுவார்கள், மற்றதில் 94 விழுக்காட்டினர்.

இதைப் பிரிக்க இன்னும் இரண்டு வாரம் காத்திருக்கலாம். அதற்குள் காரியம் மிஞ்சிவிடும். இல்லாவிட்டால் மருத்துவமனைக்குப் போய், ஒருவர் எத்தனை நாள் கிருமியைப் பரப்புகிறார் என்று நேரே அளக்கலாம். ஓர் அளவு கிடைத்ததும் ஒரு கோடு தள்ளுபடியாகிவிடும். எந்த அளவு இல்லாததால் நாம் குருடாக இருக்கிறோம் என்று காட்டுவது மாதிரியின் ஆகப் பெரிய உதவிகளில் ஒன்று. தரவு குவிந்த பிறகு கோடு போடுவதற்கு மட்டும் அதை அழைக்கிறவர்கள் பாதி வேலையைத்தான் வாங்குகிறார்கள்.

"அம்மாவுக்கு 'பத்து வருஷத்துல 14 விழுக்காடு'ன்னு வந்திருக்கு. அம்மாவுக்கு அட்டாக் வருமா, வராதா அக்கா?"

வாட்ஸ்அப்பில் இரவு 11 மணிக்கு வந்த கேள்வி. அம்மாவைப்போல் வயதும் கொழுப்பும் இரத்த அழுத்தமும் உள்ள நூறு பேரில் ஏறத்தாழ 14 பேருக்கு வரும் என்கிறது அந்த எண். அந்த 14 பேரில் அம்மா ஒருவரா என்று அதற்குத் தெரியாது. 0.4 ஆளைப் பற்றி மேலே சொன்னதைப் படியுங்கள். அதே சராசரிதான், இந்த முறை அம்மாவின் பெயரில் வந்திருக்கிறது. அதற்காக எண்ணைத் தூக்கிப் போடவும் வேண்டாம். இரத்த அழுத்தமோ கொழுப்போ இறங்கினால் அது எவ்வளவு இறங்கும் என்று அதே அட்டவணையில் போட்டுப் பார்க்கலாம், மருத்துவர்களும் அதற்குத்தான் அதைக் கையில் வைத்திருக்கிறார்கள். மருந்தைத் தொடங்குவது, நிறுத்துவது எல்லாம் அவர்களிடம் பேசவேண்டியது, என்னிடம் கேட்கக்கூடாது.

ஒன்று மட்டும் செய்யுங்கள். 'எதை விட்டுவிட்டோம்?' பட்டியலை அம்மாவுக்கும் போடுங்கள். ஃப்ரேமிங்ஹாமிலிருந்து வந்த அந்தப் புள்ளிக் கணக்கில் குடும்ப வரலாற்றுக்குக் கட்டம் கிடையாது. தாத்தாவுக்கு நாற்பத்தைந்து வயதில் நெஞ்சுவலி வந்தது என்று அன்றைக்கு வகுப்பில் நீதான் சொன்னாய். அடுத்த முறை அம்மாவோடு உள்ளே போ, அதை மருத்துவரிடம் சொல். அம்மா சொல்லமாட்டார்கள்.